சைக்கிள் வீரர்களுக்கு எடைப் பயிற்சி

நெடுந்தூரச் சைக்கிள் வீரர்கள் எடைப் பயிற்சியைத் தவிர்ப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. தசை பருத்து உடல் எடை கூடினால் மலைச்சாலையில் வேகம் குறையும் என்று பயிற்சியாளர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சத்தைக் குறைத்ததில் நார்வே ஆய்வாளர் பெண்ட் ரோன்னெஸ்டாட் குழுவினருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த வீரர்களில் ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியுடன் 12 வாரங்கள் கால்களுக்குக் கனமான எடைப் பயிற்சியும் செய்தனர். 185 நிமிடம் மிதமாக ஓட்டிய பிறகு 5 நிமிடம் முழு மூச்சுடன் மிதித்த சோதனையில், அவர்களின் ஆற்றல் சுமார் 7 சதவீதம் உயர்ந்திருந்தது. சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களிடம் இந்த முன்னேற்றம் இல்லை.

தசை வலுப்பெற்றால், ஒவ்வொரு மிதிக்கும் அதன் உச்ச வலிமையில் சிறு பங்கே செலவாகும். எளிதில் களைக்கும் தசை இழைகள் தாமதமாகவே வேலைக்கு வரும் என்பதால் சோர்வு தள்ளிப்போகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

போட்டி இல்லாத மாதங்களில் வாரம் இருமுறை ஸ்குவாட் (குந்தி எழுவது), ஒற்றைக்கால் லெக் பிரஸ் (ஒரு காலால் எடையைத் தள்ளுவது) போன்றவற்றை, 4 முதல் 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையுடன் செய்வது இப்பயிற்சியின் முறை. போட்டிக் காலத்தில் வாரம் ஒருமுறை செய்தாலே பெற்ற வலிமை பெரிதும் நிலைக்கும். சரியான உடல் தோரணையைப் பழகிய பிறகே எடையைக் கூட்ட வேண்டும்.

இருக்கையே உடலின் பெரும்பாரத்தைத் தாங்குவதால், சாலைப் பந்தய வீரர்கள் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருக்கிறது. எலும்புக்குத் தேவையான அழுத்தத்தைத் தருவது எடைப் பயிற்சியின் இன்னொரு நன்மை.