ஆட்டுக்கு எதற்குச் சட்டை?

மார்கழி, தை மாதக் காலையில் பள்ளிக்கூடம் வரும்போது கவனித்திருக்கிறீர்களா நண்பர்களே? பனி கொட்டும். எதிரே வரும் பஸ் கூடத் தெரியாது. அந்த நேரத்தில் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டுக்குட்டிகள் நம்ம வீட்டுப் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கும். கை விடுகிற ஓட்டையில் முன்னங்கால் இரண்டும் இருக்கும். பனியன் இல்லாத வீட்டில் உரச்சாக்கை வெட்டி முதுகில் கட்டிவிடுவார்கள். நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் குட்டிக்கு அது உயிர்.

ஆஸ்திரேலியா நாட்டில் பெரிய ஆடுகளுக்கே சட்டை போட்டிருக்கிறார்கள். குளிருக்கு மட்டும் இல்லை. கத்திரியே படாமல் ஆட்டின் மேலிருந்து கம்பளியைக் கழற்றி எடுப்பதற்காக! ஆம், நீங்கள் படித்தது சரிதான். கத்திரி இல்லை, மெஷின் இல்லை. ஒரு ஊசி, ஒரு வலைச் சட்டை, அவ்வளவுதான். இது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏன் ஆசை வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அகரம்சீகூர். அது பெரம்பலூர் மாவட்டம். அந்தப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா ஆடு வைத்திருக்கிறார். நம்ம ஊரில் அதிகம் பார்க்கிற சிவப்புச் செம்மறி இல்லை அது. உடம்பு முழுக்கக் கறுப்பு, மேலே சுருட்டைச் சுருட்டையாக ரோமம். ‘கருங்குறும்பை’ என்பார்கள். புத்தகத்தில் ‘திருச்சி கருப்பு’ என்று போட்டிருக்கும். இதற்கு வருடத்துக்கு இரண்டு தடவை ரோமம் கத்தரிக்க வேண்டும். போன லீவில் நான் போயிருந்தபோது கத்தரித்தார்கள். ஆட்டைப் படுக்கவைத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பெரிய கத்திரியால் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார் பெரியப்பா. குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆனது. ஒரு பெட்டை ஆடு திடீரென்று உதறியதில் கத்திரி தோலில் இறங்கிவிட்டது. சின்ன வெட்டுதான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் அந்த இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. ஆடு மேயவே இல்லை. பெரியப்பா ஒவ்வொரு புழுவாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான், “ரோமத்தை வெட்டாம எடுக்க முடியாதா பெரியப்பா?” என்று கேட்டேன். “முடிஞ்சா செய்ய மாட்டமா பாப்பா” என்றார்.

சரி, வெட்டாமலே விட்டால் என்ன ஆகும்? 2015-ஆம் வருடம் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துக்குப் பக்கத்தில் மந்தையிலிருந்து தப்பிப் பல வருடம் தனியாகத் திரிந்த ஒரு மெரினோ ஆட்டைப் பிடித்தார்கள். அதற்கு கிறிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் மேல் இருந்த கம்பளி 40 கிலோவுக்கும் மேலே! நம்ம வகுப்பில் ஒரு ஆள் எடை. அந்தப் பாரத்தோடு நடக்கவே முடியாமல் கிடந்திருக்கிறது பாவம்.

ஆனால் ஆதியில் ஆடுகள் இப்படி இல்லை. காட்டு ஆடுகளுக்குக் கோடை வரும்போது ரோமம் தானாகவே உதிர்ந்துவிடும், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவுகளில் சோய் என்று ஒரு பழைய இனம் இருக்கிறது, அதற்கு இன்றைக்கும் உதிர்கிறது. ஷெட்லாண்ட் தீவில் உதிர்கிற பருவம் பார்த்துக் கையாலேயே பிடுங்கி எடுப்பார்களாம். மனிதர்கள்தான் உதிராத ஆடாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினார்கள். ரோமம் காட்டில் விழுந்து வீணாகக் கூடாது அல்லவா? உதிராத ஆடு வந்தது. உடனே கத்திரி தேவைப்பட்டது. இப்போது அந்தக் கத்திரியை ஒழிக்க விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். வேடிக்கைதான்!

முதல் முயற்சி 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை அரசு வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு முடி கொட்டும், பிறகு வளர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே விஷயம்தான். ஆட்டுக்கும் கொட்டியது. ஆனால் அது கடுமையான மருந்து, அளவு கொஞ்சம் கூடினாலும் ஆட்டுக்கு ஆபத்து. அந்த ஆட்டுக்கறியை யார் சாப்பிடுவது என்ற கேள்வியும் வந்தது. அதனால் அந்த வழி பண்ணைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து! அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன் எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தார். வழக்கமாக 12 முதல் 14 நாளில் கண் திறக்கிற குஞ்சுகள் 7 நாளிலேயே கண் திறந்துவிட்டன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. இதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்தார். இந்த வழி ஆராய்ச்சிக்காக அவருக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற அம்மையாருக்கும் 1986-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வளர்ச்சிக் காரணியை ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ விஞ்ஞானிகள் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெயர்தான் வளர்ச்சிக் காரணி, கம்பளிக்கு அது நேர் எதிராக வேலை செய்தது. எப்படி என்று பார்ப்போம். தோலுக்குள்ளே மயிர்க்காலின் அடியில் செல்கள் பெருகிப் பெருகித்தான் ரோமம் மேலே தள்ளப்படுகிறது. ஊசி போட்டதும் அந்தப் பெருக்கம் கொஞ்ச காலம் நின்றுவிடுகிறது. பிறகு மறுபடி தொடங்கிவிடும். நின்ற அந்த இடத்தில் மட்டும் ரோமம் மெலிந்துபோகும். குயவர் வீட்டில் பானை வனையும்போது சக்கரத்தின் மேலிருந்து பானையை நூல் போட்டு அறுத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அந்த மாதிரி ஒவ்வொரு ரோமத்திலும் ஒரு நூல் ஓடினது போல அறுந்துவிடும். ஒரே ஊசி, உடம்பு முழுக்க ஒரே நேரத்தில்! இந்தப் புரதத்தை எலியிலிருந்து எடுத்தால் கட்டுப்படியாகாது என்று, இன்சுலின் தயாரிப்பது போல பாக்டீரியாவை வைத்துத் தயாரித்தார்கள். 1998-இல் ‘பயோகிளிப்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இனிமேல்தான் சட்டையின் கதை. யோசித்துப் பாருங்கள், ரோமம் எல்லாம் அறுந்துவிட்டது. ஆடு அப்படியே மேயப் போனால் என்ன ஆகும்? முள்ளில் கொஞ்சம், வேலியில் கொஞ்சம், சேற்றில் கொஞ்சம் என்று வருட விளைச்சல் பூராவும் கொட்டிப்போகும். அதனால் ஊசி போடும்போதே ஆட்டின் உடம்பை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு வலைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். காலுறை மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தலையும் காலும் வெளியே. ஆடு மேயலாம், படுக்கலாம், காற்றும் உள்ளே போகும். அறுந்த கம்பளி கீழே விழாமல் உடம்போடு நிற்கும்.

நான் முதலில் சட்டைக்கு இந்த ஒரு வேலைதான் என்று நினைத்தேன். அப்படியென்றால் ஒரு வாரத்தில் கழற்றிவிடலாமே, ஏன் சுமார் நாலு வாரம் வைத்திருந்தார்கள் என்று குழப்பமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. கத்திரியால் வெட்டினால் தோலுக்கு மேலே சில மில்லிமீட்டர் ரோமம் மிச்சம் நிற்கும். அதுவே ஆட்டுக்கு ஒரு சின்ன போர்வை. ஊசி முறையில் ரோமம் மயிர்க்காலுக்கு உள்ளேயே அறுகிறது. அதனால் மேலே எதுவும் மிஞ்சாது, சுத்த மொட்டை! வெள்ளை மெரினோவின் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். வெயில் பட்டால் வெந்துபோகும். ராத்திரி குளிரோ மழையோ வந்தால் விறைத்துச் செத்தே போகலாம். ஆகவே புது ரோமம் முளைக்கிற வரைக்கும் பழைய ரோமத்தையே போர்வையாக உடம்பின் மேல் நிறுத்தி வைக்கிறது அந்த வலை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மெரினோ ரோமம் ஒரு நாளைக்குச் சுமாராகக் கால் மில்லிமீட்டர் வளரும். 28 நாளுக்கு 7 மில்லிமீட்டர். நின்றுபோன ஒன்றிரண்டு நாளைக் கழித்தால் ஆறரை. கத்திரி விட்டுவைக்கிற அளவு ஏறக்குறைய வந்துவிட்டது பாருங்கள். அப்போது வலையைப் பிரித்து, கம்பளியைக் கையாலேயே உருவி முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆட்டில் ஒரு வெட்டுக்காயம் கிடையாது. கத்திரிக்காரர் விட்ட இடத்தையே திரும்ப வெட்டும்போது விழுகிற துண்டு ரோமமும் இதில் கிடையாது. அந்தத் துண்டு ரோமம் நூல் நூற்க உதவாது என்பதால் இது பெரிய லாபம்.

இவ்வளவு நல்ல முறை என்றால் உலகம் பூராவும் பரவியிருக்க வேண்டுமே? பரவவில்லை. இன்றைக்கும் கம்பளி பெரும்பாலும் மெஷினால்தான் வெட்டப்படுகிறது. ஒரு காரணம் செலவு: ஊசிக்கு ஒரு விலை, வலைக்கு ஒரு விலை. இன்னொன்று, மந்தையை இரண்டு தடவை ஓட்டி வந்து அடைக்க வேண்டும், மாட்ட ஒரு தடவை, கழற்ற ஒரு தடவை. கை தேர்ந்த கத்திரிக்காரரின் வேகமும் லேசுப்பட்டது இல்லை. ஜாக்கி ஹோவ் என்பவர் 1892-இல் கைக்கத்திரியாலேயே 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளுக்குக் கத்தரித்திருக்கிறார்! எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், சினை ஆட்டுக்கு இந்த ஊசி போடக் கூடாது. போட்டால் குட்டி கலைந்துவிடும் ஆபத்து உண்டு.

ஆட்டுக்குச் சட்டை போடுவது மட்டும் புதுசு இல்லை. 2000 வருடத்துக்கு முன்பே இத்தாலியின் டாரெண்டம் ஊரில் உயர்ந்த ரக ஆடுகளுக்குத் தோல் போர்த்தி வளர்த்திருக்கிறார்கள், கம்பளியில் அழுக்குப் படக் கூடாதாம். கிரேக்க நாட்டு மெகாராவிலும் அப்படித்தான். அங்கே ஆடுகள் போர்த்திக்கொண்டும் பிள்ளைகள் துணி இல்லாமலும் திரிவதைப் பார்த்த டயோஜினிஸ், இந்த ஊர்க்காரருக்கு மகனாகப் பிறப்பதைவிட கிடாவாகப் பிறக்கலாம் என்று கிண்டல் செய்ததாக ஒரு கதை உண்டு.

நம்ம தமிழ்நாட்டுக்கு இந்த வலைச் சட்டை தேவையா? மேச்சேரி, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை இதெல்லாம் கறிக்கு வளர்ப்பது. குட்டை முடிதான், கத்தரிக்கிற பேச்சே இல்லை. மெல்லிய கம்பளி ஆடு பார்க்க வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும். நீலகிரி ஆட்டை ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. நம்ம பக்கத்துக் கருங்குறும்பையின் ரோமம் முரடு. முரட்டுக் கம்பளி நெய்யத்தான் ஆகும். மில் போர்வை வந்த பிறகு அதற்கும் கிராக்கி இல்லை. அதில் வருகிற காசு ஊசிக்கும் வலைக்கும் எங்கே கட்டப்போகிறது!

ஆனால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இப்போது அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு புரதத்தை வைத்து ஆராய்கிறார்கள். அது மக்காச்சோளத்தில் இருக்கிற புரதம். ஆமாம், நம்ம ஊரைச் சுற்றி மானாவாரிக் காட்டில் போடுகிற அதே மக்காச்சோளம்தான். இது ரோமத்தை முழுசாக அறுக்காது, ஒரு இடத்தில் பலவீனமாக்கி மட்டும் விடும். தானாக உதிராததால் வலை வேண்டாம், வேண்டுகிற போது இழுத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போய் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். மக்காச்சோளம் என்றதும் சிரித்தார். பிறகு, “செனை ஆட்டுக்குப் போடக் கூடாதுன்னா எந்த மாசம் போடுறது? நம்ம பட்டியில எப்பவும் நாலு ஆடு செனையாத்தான நிக்குது” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வலை பழசு இருந்தா மட்டும் ஒண்ணு கெடைக்குமா பாரு. புண்ணு மேல ஈ உக்காராம இருக்கும்ல” என்றார். வலைக்கு நான் எங்கே போவது? அம்மாவின் பழைய நைலான் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தோம். முதுகோடு சேர்த்து வயிற்றில் சுற்றிக் கட்டினார். பூப்போட்ட சேலையோடு அந்தக் கறுப்பு ஆடு பதினைந்து நாள் மேய்ந்தது. புண் ஆறிவிட்டது. சேலைத் துண்டை மற்ற ஆடுகள் கடித்துத் தின்றுவிட்டன.