பழைய மேடை, புதிய குரல்

ஆவணம் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டாமா? 1998ல் பிரிட்டனின் ஜெனசிஸ் ராக் குழு வெளியிட்ட 'ஆர்க்கைவ் 1967-75' என்ற நான்கு சிடி தொகுப்பு இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

பள்ளி நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய குழுவின் ஆரம்பகால மாதிரிப் பதிவுகள், 1973ல் லண்டன் ரெயின்போ அரங்கில் பாடியவை என்று அபூர்வமான சரக்கு நிறைய. ஆனால் முதலிடம் பிடிப்பது, 1975 ஜனவரி 24ல் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' கச்சேரி. அந்த முழு ஆல்பத்தையும் குழு மேடையேற்றியது அந்த ஒரு சுற்றுப்பயணத்தில்தான். பாடகர் பீட்டர் கேப்ரியேல் அந்த ஆண்டே விலகிவிட்டார்.

சிக்கல் அவருடைய வேடத்தில் இருந்தது. உடலெங்கும் கட்டிகள் தொங்கும் விகார உருவமாக அவர் தோன்றியபோது மைக் வாய்க்கு எட்டவில்லை. எனவே, 1995ல் ஸ்டூடியோவில் பல பகுதிகளை மறுபடி பாடினார். ஸ்டீவ் ஹேக்கெட்டும் சில கிடார் பகுதிகளைத் திருத்தினார்.

விளைவு: 24 வயது இளைஞரின் மேடையில் 45 வயதுக்காரரின் குரல். கேட்க இனிமைதான். ஆனால், முகமூடிக்குள் மூச்சுத் திணறிய அந்த இளைஞரும் கச்சேரியின் ஒரு பகுதிதானே? தொகுப்பில் அவரைத்தான் காணவில்லை.