கோபுரத்தின் அடியில் ஒரு கம்பி

பேராக் மாநிலத்தில் கோலகங்சாரிலிருந்து தைப்பிங்குக்கு 1876ஆம் ஆண்டில் தந்திக் கம்பி இழுக்கப்பட்டபோது, அது ஆங்கிலேய ரெசிடெண்டையும் தைப்பிங்கிலிருந்த அவருடைய உதவி அதிகாரியையும் இணைப்பதற்காகவே இழுக்கப்பட்டது. கம்பியின் சுபாவமே அதுதான்: யாருக்கு அவசியம் என்று அதிகாரமும் பணமும் தீர்மானிக்கின்றனவோ, அவருடைய வாசல் வரையில் வந்து அங்கே நின்றுவிடும். பிற்காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்குத் தொலைபேசி வந்தபோதும், அது துரையின் பங்களாவிலும் கிராணியின் ஆபீசிலும் மணியடித்ததேயன்றி லயத்து வீடுகளில் ஒலிக்கவில்லை. உறவில் ஒருவர் இறந்த செய்திகூட, ஆபீசிலிருந்து ஆள் நடந்து வந்து சொன்ன பிறகே பால்வெட்டுக்குப் போனவரை எட்டியது.

அந்த லயங்களில் பல இன்று இல்லை. ரப்பர் நின்ற தீம்பாரில் செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் புந்தோங்கிலும் செம்மோரிலும் குடியேறிவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களிடமும் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது. கம்பி போய்க் காற்று வந்தது, அவ்வளவுதான் மாறுதல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கணினிகளை இணைக்கும் வலையமைப்பைப் பொறுத்த வரையில், கம்பியை எடுத்துவிட்டால் அதை நம்பி வகுக்கப்பட்ட விதிகளில் பெரும்பாலானவற்றையும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

ஈப்போவில் ஏதேனும் ஒரு காரியாலயத்தின் மேசையடியில் ஓடும் செப்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக நூறு மீட்டர் வரையில் நீளக்கூடிய அது, இரு முனையிலும் உள்ள இரண்டு சாதனங்களுக்கு மட்டுமே சொந்தமான பாதை. அதில் ஒரே சமயத்தில் அனுப்பவும் பெறவும் இயலும். அனுப்பியது வழியில் சிதைவது அபூர்வம். வானொலி அலையோ பொதுச் சொத்து. ஒரு சாதனம் தான் பேசிக்கொண்டிருக்கும் அதே அலைவரிசையில், தொலைவிலிருந்து மெலிந்து வரும் சமிக்ஞையைக் கேட்பது ஏறக்குறைய அசாத்தியம். தன் சப்தமே அதன் செவியை அடைத்துவிடும். ஆகையால் வைஃபை முறையில் ஒவ்வொரு சாதனமும், அலைவரிசை ஓய்ந்திருக்கிறதா என்று கவனித்து, சற்றுத் தாமதித்து, அதன் பின்னரே ஒரு துண்டுச் செய்தியை அனுப்புகிறது; 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புகிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட லயத்தின் நடுவீட்டில் வைஃபைப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கோடி வீடுகளின் சமிக்ஞையும் நடுவீட்டை எட்டும். ஆனால் ஒரு கோடியின் சமிக்ஞை மறு கோடியை எட்டாது. ஆகவே ஒருவர் அனுப்பிக்கொண்டிருப்பதை மற்றவர் அறியாமல் தாமும் அனுப்ப, இரண்டும் நடுவில் மோதிப் பாழாகும். பெட்டியின் அட்டையில் அச்சிட்ட வேகம் வீட்டில் கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள், அந்த வேகத்தில் கணிசமான பங்கு இவ்வாறு காத்திருப்பதிலும் திரும்ப அனுப்புவதிலுமே செலவாகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

கம்பியில்லா முறை கம்பி முறைக்குப் பின்னே பிறந்த தம்பி என்று கருதுவதும் முழுச் சரித்திரமன்று. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழகக் கிளைகளை மத்தியக் கணினியோடு வானொலி மூலம் இணைக்கும் 'அலோஹா' வலையமைப்பு, நார்மன் ஏப்ரம்சன் என்பவரின் தலைமையில் 1971ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிற்று. அதை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் அதே தத்துவத்தைத் திருத்திக் கம்பிக்குள் புகுத்தியதே, இன்று காரியாலயந்தோறும் விளங்கும் ஈதர்நெட்.

நம் பிரதேசத்துக்கு வருவோம். கிந்தாப் பள்ளத்தாக்கு, கண்ணுக்கு அழகாகவும் வானொலி அலைக்கு விரோதமாகவும் அமைந்த பூமி. குனோங் ராப்பாட், சிம்பாங் பூலாய், தம்பூன் எங்கும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் தம் பின்னால் சமிக்ஞையின் நிழலை விழச் செய்கின்றன; மழையில் நனைந்து அடர்ந்து நிற்கும் செம்பனை ஓலைகளும் அலையை உறிஞ்சிக்கொள்கின்றன. இதைத்தான் நம் ஜனங்கள் 'இங்க லைன் இல்ல' என்று இரண்டு மூன்று சொற்களில் முடித்துவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டபோது, சன்னல் கம்பியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதற்குள் தகப்பனாரின் கைத்தொலைபேசியை வைத்து, அது எந்தக் கோணத்தில் சாய்ந்தால் லைன் வருகிறது என்று கண்டுபிடித்து, அப்புறம் அதை ஒருவரும் தொடக்கூடாது என்று தம்பி தங்கைகளுக்கு உத்தரவிட்ட பிள்ளைகள் இந்நாட்டில் உண்டு. மேசைக்கடியில் கம்பி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கோண சாஸ்திரம் தேவைப்படவில்லை. 2021 டிசம்பர் இறுதியோடு மலேசியாவில் மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டு அந்த அலைவரிசை நான்காம் தலைமுறைக்குக் கொடுக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கது. காற்றில் இடம் அளவானது. புதியவருக்கு இடம் வேண்டுமானால் பழையவர் எழுந்திருக்க வேண்டும்.

கம்பியில்லாமை வேறு, இடம்பெயர்தல் வேறு. பழைய முறையில் ஒரு கணினியின் முகவரி அது இருக்கும் இடத்தைக் குறித்தது. கணினியோ இப்போது ஈப்போவில் ரயிலேறிக் கோலாலம்பூரில் இறங்குகிறது. வழியில் எத்தனையோ கோபுரங்கள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றிக்கொள்கின்றன. ஆயினும் பேச்சு அறுவதில்லை. தோட்டத்தை விட்டுப் போனவருக்குப் பழைய முகவரிக்கே வரும் கடிதங்களைக் கிராணி புது விலாசம் எழுதித் திருப்பி அனுப்பியதைப் போல, சேவை நிறுவனத்தின் மத்திய நிலையம் முகவரியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வரும் செய்திகளை அவ்வப்போதைய கோபுரத்துக்குத் திருப்பிவிடுகிறது. இதைச் செய்ய, நம் கைத்தொலைபேசி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அந்நிறுவனம் எப்பொழுதும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கம்பித் தொலைபேசிக்கு நம் நடமாட்டம் தெரியாது. அனுகூலத்தோடு வந்த இந்தப் பிரதிகூலத்தை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இரகசியத்தின் சங்கதியும் அத்தகையதே. கம்பியை ஒட்டுக்கேட்க வீட்டுக்குள் நுழைய வேண்டும். வைஃபையை ஒட்டுக்கேட்க வாசலில் நின்றால் போதும். 1997இல் வைஃபையோடு வந்த முதல் பூட்டு 2001இலேயே உடைக்கப்பட்டது. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கழித்துவிடுவதே உசிதம்.

காற்றைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சாதாரண வைஃபைக் கருவிகளையே திருத்தி, உயர்ந்த கம்பங்களில் திசை பார்த்துப் பொருத்திய ஆன்டெனாக்களால், பல கிலோமீட்டர் தூரத்துக்கு மருத்துவமனையுடன் இணைத்தார்கள். நோயாளி கிராமத்தில் அமர்ந்தபடியே வைத்தியரிடம் பேச முடிந்தது. அங்கே அவர்களுக்குப் பெரும் தொல்லை கொடுத்தது காற்று அல்ல, ஏறி இறங்கிக் கருவிகளைக் கெடுத்த மின்சாரமே என்பது விசேஷம்.

ஆகவே 'கம்பியில்லா' என்பது பாதையின் கடைசித் துண்டுக்கு மட்டுமே பொருந்தும். நம் கையிலிருந்து கோபுரம் வரையில்தான் காற்று. நன்றாக வேலை செய்யும் பெரும்பாலான கோபுரங்களின் அடியில் தரைக்குள் கண்ணாடி இழைக் கம்பி இருக்கிறது. அது வராத இடத்தில் எத்தனை உயரமாகக் கோபுரம் எழுப்பினாலும், வட்டாரம் முழுவதும் ஒரு மெல்லிய இணைப்பைப் பங்கு போட்டுக்கொள்ள நேரும். பழைய தோட்டப்புறங்களிலும் அவற்றை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளிலும் பொறுப்பிலிருக்கும் பெற்றோர் சங்கத்தினர், சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கையில் 'எங்களுக்கு ஒரு கோபுரம் வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், பள்ளிக்கூடம் வரையிலும் கோபுரத்தின் அடி வரையிலும் கண்ணாடி இழை எப்பொழுது வரும் என்று தேதியோடு பதில் கேட்டு எழுதுங்கள்.