ஆவடி டு குடியம் குகை: சைக்கிள்ல போங்க... காட்டுக்குள்ள மட்டும் நடங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சைக்கிள் ஓட்டுற ஆளா நீங்க? உங்க ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்னு ஓரளவு சொல்லிடலாம். பருத்திப்பட்டு ஏரியை ஒரு சுத்து, இல்லைன்னா செம்பரம்பாக்கம் வரை ஒரு ரைடு. ஒரு டீ, ஒரு செல்ஃபி, ஸ்ட்ராவாவில் 25 கிலோமீட்டர். அப்புறம் வீட்டுக்கு வந்து யூடியூபில் யாரோ காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டுறதைப் பார்த்துப் பெருமூச்சு.

பெருமூச்சு தேவையில்லை. சி.டி.ஹெச் ரோட்டைப் பிடித்து மேற்கே போனால், ஒரே காலையில் நீங்களும் காட்டின் வாசலில் நிற்கலாம். பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் அல்லிக்குழி மலை, அதன் காப்புக் காடு, உள்ளே குடியம் குகைகள். ஆவடியிலிருந்து ஒரு வழிக்கே 40 கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

ரூட் சிம்பிள்தான். ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூர். பூந்தமல்லிக்காரர்கள் ஆவடிக்கு வரவே வேண்டாம். திருமழிசை, அரண்வாயல், மணவாளநகர் வழியாக நேராகத் திருவள்ளூர் வந்துவிடலாம். அங்கிருந்து பூண்டி சுமார் 10 கிலோமீட்டர்.

இந்தப் பயணத்தில் பயப்பட வேண்டியது காட்டுக்கு அல்ல, சி.டி.ஹெச் ரோட்டுக்கு. விடிந்துவிட்டால் லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் இறங்கிவிடும். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை குறுக்கே வரும் இடத்தில் கனரக வண்டிகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கவே முடியாது. அதனால் நாலே முக்காலுக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிடுங்க. பின்னால் சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டே இருக்கணும். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல மாட்டேன், அதைப் போடாதவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். இந்த ரூட்டில் ஒரு வசதியும் இருக்கு. ரயில் பாதை கூடவே வருகிறது. முடியவில்லை என்றால் பக்கத்து ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளைப் பூட்டிவிட்டு லோக்கல் டிரெயினில் திரும்பலாம். அதில் ஒரு அவமானமும் இல்லை.

திருவள்ளூரில் இட்லியை முடிச்சுடுங்க. அதற்கப்புறம் பெரிய ஹோட்டல் கிடையாது. தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒன்றில் ஓ.ஆர்.எஸ். ரோட்டோரம் முழுக்க சீமைக் கருவேலம். அந்த முள் 28 எம்.எம். டயரை ஊசி மாதிரி துளைக்கும். ரோடு பைக், ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனிங்க: உங்க டியூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் கிராமத்துப் பஞ்சர் கடை பம்ப் அதில் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஊர்ப் பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, நீங்கள் தள்ளிக்கொண்டே வர வேண்டியதுதான். அவர்கள் தாத்தாவின் ஹெர்குலிஸில் அந்தப் பிரச்னையே வந்திருக்காது. அந்த வண்டிகளைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1949-ல் நம்ம அம்பத்தூரில் ஆரம்பித்ததுதான்!

பூண்டி வந்ததும் ஏரிக்கரையில் மூச்சு வாங்கலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-ல் திறந்த நீர்த்தேக்கம் இது. சென்னை மேயராக இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாவம், அவர் 1943-லேயே காலமாகிவிட்டார். முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: இங்கேயே திரும்பிடுங்க. போக வர 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். குடியத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு முன் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தைப் பாருங்க, திறக்கும் நேரத்தை மட்டும் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஏன் சைக்கிள் கூடாது என்பது அங்கே இருக்கும் கற்களைப் பார்த்தால்தான் புரியும்.

அது வெறும் கல் இல்லைங்க

1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். கையில் பிடிக்க வாகாகச் செதுக்கிய கற்கோடரி அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் இதே மாதிரி கருவிகளைக் கண்டார்கள். பிறகு சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். 2011-ல் வந்த முடிவு: அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018-ல் இன்னொன்று: அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இந்தியாவில் அது இவ்வளவு முன்னாடி தொடங்கியிருக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்? மண் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. 2018 ஆய்வில் பயன்பட்டது அதுதான். கல் எந்த மண் அடுக்கில் கிடக்கிறதோ, அந்த அடுக்கின் வயதுதான் அதன் வயதுக்குச் சாட்சி. கல்லை இடம் மாற்றிவிட்டால் சாட்சி காலி. மிஞ்சுவது ஒரு பேப்பர் வெயிட்.

எங்கள் குழுவில் ஒரு நண்பர் இந்தப் பக்கம் வந்தபோது ஓர் அழகான கல்லை ஜெர்சிப் பையில் போட்டுக்கொண்டார். கருவியா, சும்மா கூழாங்கல்லா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டில் டிவி மேல் வைத்தார். மூன்று மாதம் கழித்து எங்கே எடுத்தீங்கன்னு கேட்டேன். "ஏதோ ஒரு ஓடைப் பக்கம்டா" என்றார். இனி அந்தக் கல்லை யாரிடம் கொடுத்தும் பயனில்லை.

கிராமத்தோடு பெடல் ஸ்டாப்

குடியம் கிராமம் வரை ரோடு உண்டு. அதற்கு மேல் காப்புக் காடு. அனுமதி இல்லாமல் காப்புக் காட்டில் நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். "யாரும் பார்க்கலைன்னா என்ன?" என்று கேட்பவர்களுக்கு 2018 மார்ச் ஞாபகம் இருக்கட்டும். குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன.

இப்போது நேர்வழியே இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியம் குகையும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சைக்கிளைக் கிராமத்திலேயே பூட்டிவிட்டு நடக்க வேண்டும். கிளீட் ஷூ போட்டு ஓட்டுபவர்கள் சாதாரண ஷூ ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை முழுக்க உருளும் கூழாங்கல், கிளீட்டோடு நடந்தால் கணுக்கால் போயிடும்.

"மவுன்டன் பைக்தானே, தாங்காதா?" என்று ஒரு தம்பி கேட்டார். வண்டி தாங்கும், தரைதான் தாங்காது. ஒரே தடத்தில் பத்து வண்டி போனால் பள்ளம் விழும். அடுத்த மழையில் அது ஓடையாகி மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். கல் எல்லாம் இடம் மாறும். டிவி மேல் வைத்தாலும் இதுவும் ஒண்ணுதான்.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தைக் கற்பனை செய்யாதீர்கள். கூழாங்கற்கள் இறுகி உருவான பெரிய பாறை முகடு, அதன் கீழே நிழல். அண்ணாந்து பார்த்தால் மலைத்தேனீக் கூடுகள். இங்கே கத்தக் கூடாது, புகை கூடாது, அன்று காலை சென்ட்டும் அடிக்கக் கூடாது. ஸ்பீக்கரில் பாட்டு போடும் நண்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க.

போக நல்ல காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழையில் பூண்டி நிரம்பி மதகைத் திறந்துவிட்டால், சுற்றுவட்டாரத் தரைப்பாலங்களில் தண்ணீர் ஏறும். முழங்கால் அளவுதானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்காதீங்க. திரும்பும்போது வெயிலோடு எதிர்க்காற்றும் சேர்ந்தால் வேகம் பாதியாகிவிடும். திருவள்ளூரில் ஒரு மோர், திருநின்றவூரில் ஒரு இளநீர் என்று நின்று நின்று வாங்க. மதியச் சாப்பாட்டுக்கு லேட் ஆகும்னு வீட்டில் முன்னாடியே சொல்லிடுங்க.