ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படை

ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படை என்பது இளைஞர்களைச் சொந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ சமூகப் பணிகளில் ஈடுபடுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தன்னார்வத் திட்டம் ஆகும். பெயரில் 'படை' என்று இருந்தாலும் இராணுவத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. 1996-இல் உருவான ஐரோப்பியத் தன்னார்வச் சேவையின் வழியில், 2016 டிசம்பரில் இது தொடங்கப்பட்டது. 2018-இல் தனிச் சட்ட அடிப்படை பெற்றது. 2021–2027 காலத்திற்கு ஏறத்தாழ 100 கோடி யூரோ ஒதுக்கப்பட்டுள்ளது. பொதுவாக 18 முதல் 30 வயது வரையுள்ளோர் பங்கேற்கலாம். 17 வயதிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

கூட்டாண்மை

இத்திட்டம் அமைப்புகளின் கூட்டாண்மையில் இயங்குகிறது. பிற நாட்டிற்குச் செல்லும் தன்னார்வலருக்குப் பின்னால் குறைந்தது இரண்டு அமைப்புகள் இருக்கும். தாய்நாட்டில் உள்ள துணை அமைப்பு பயணத்திற்கு முன் அவரைத் தயார்படுத்துகிறது. திரும்பி வந்தபின் அடுத்த படிக்கு உதவுகிறது. ஏற்கும் அமைப்பு பணியையும் தங்குமிடத்தையும் தருகிறது. முதியோர் இல்லம், இளைஞர் மையம், இயற்கைக் காப்பகம், நகராட்சி என இது எதுவாகவும் இருக்கலாம். இவ்விரு அமைப்புகளும் தரமுத்திரை பெற்றிருக்க வேண்டும்.

தனிநபர் பணி 2 முதல் 12 மாதங்கள் வரையும், வாரத்திற்கு 30 முதல் 38 மணி நேரம் வரையும் நடைபெறும். பயணம், உணவு, தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றுக்கான செலவைத் திட்டம் ஏற்கிறது. கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு. ஆனால் ஊதியம் கிடையாது.

யூத்பாஸ்

வேலை தேடும் இளைஞருக்கு "ஓராண்டு தொண்டு செய்தேன்" என்று சொல்வதால் மட்டும் பெரிய பயன் விளைவதில்லை. அந்த ஓராண்டில் என்ன கற்றார் என்பதையே நிறுவனங்கள் கேட்கும். இதற்காக 2007 முதல் வழங்கப்படுவது யூத்பாஸ் சான்றிதழ். இதன் முக்கியப் பகுதியைப் பங்கேற்பாளரே எழுதுகிறார். மொழி, எண்ணிமத் திறன், தொழில்முனைவு, குடியுரிமை உள்ளிட்ட எட்டு அடிப்படைத் திறன்களை வைத்துத் தாம் கற்றவற்றை அவர் விவரிக்கிறார்.

எடுத்துக்காட்டாக, முதியோர் இல்லத்தில் பணியாற்றியவர் "செருமன் மொழி கற்றேன்" என்று எழுதினால் அது யாரையும் நம்பவைக்காது. முதல் மாதம் சைகையால் பேசியவர், ஆறாம் மாதம் தொலைபேசியில் உறவினர்களுக்குப் பதில் சொன்னார் என்று எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. இப்படி எழுத வைப்பதில் ஏற்கும் அமைப்பு நியமிக்கும் வழிகாட்டியின் பங்கு பெரிது. பணியின் போக்கில் அவ்வப்போது உட்கார்ந்து பேசினால்தான் கற்றவை நினைவில் தங்கும். கடைசி வாரத்தில் அவசரமாக நிரப்பப்படும் சான்றிதழ் வெறும் காகிதமாகிவிடுகிறது.

தொண்டும் வேலையும்

தன்னார்வலரை வேலைக்குத் தயார்படுத்தும் எந்தத் திட்டத்திலும் ஓர் ஆபத்து உண்டு: ஊதியம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக வாங்கிக்கொள்வது. தன்னார்வப் பணி ஊதிய வேலைக்கு மாற்றாக அமையக் கூடாது என்று இத்திட்டத்தின் விதிகள் கூறுகின்றன. 2018–2020 காலத்தில் தன்னார்வப் பணியோடு பயிற்சிப் பணிகளும் ஊதிய வேலைகளும் இதே திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டன. வேலைவாய்ப்பே நோக்கம் என்றால் இது இயல்பான இணைப்பாகத் தோன்றலாம். ஆனால் தொண்டு எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை இது மங்கச் செய்தது. 2021-இல் தொடங்கிய திட்டத்தில் அவ்விரண்டும் நீக்கப்பட்டன.

யூத்பாஸ் ஒரு தொழிற்தகுதி அன்று. செவிலியர் உதவியாளராக விரும்புபவர் அதற்குரிய படிப்பைப் படித்தே ஆக வேண்டும். முறைசாராக் கற்றலை அங்கீகரிப்பது குறித்து 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய மன்றம் வெளியிட்ட பரிந்துரை நான்கு படிகளைக் குறிப்பிடுகிறது: கண்டறிதல், ஆவணப்படுத்தல், மதிப்பிடல், சான்றளித்தல். யூத்பாஸ் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது.