கிராண்ட் வந்தாச்சு என்றால் என்ன வந்தது?

அமெரிக்காவில் பி.எச்டி. செய்யும் பிள்ளை, பி.எச்டி. முடித்துப் போஸ்ட்டாக்காக இருக்கும் பிள்ளை, இவர்களோடு போனில் பேசும் பெற்றோர் காதில் 2025-லிருந்து ஓயாமல் விழும் சொல் 'கிராண்ட்'. "ப்ரொஃபசருக்கு அஞ்சு வருஷ கிராண்ட் இருக்கும்மா. ஆனா அடுத்த வருஷம் என்ன ஆகும்னு தெரியல." ஐந்து வருடத்துக்குக் கொடுத்த பணம் அடுத்த வருடம் எப்படிக் காணாமல் போகும்? நியாயமான கேள்வி. டீ ஒன்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து நிதானமாகப் பார்ப்போம்.

கிராண்ட், அதாவது மானியம், பேராசிரியர் பெயரில் பேசப்பட்டாலும், அது அவருக்குக் கொடுக்கப்படுவதில்லை. தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.), தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) போன்ற மத்திய அரசு அமைப்புகள் அதைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்குகின்றன. பேராசிரியர் ஆய்வை நடத்துவார். கணக்குக்குப் பொறுப்பு பல்கலைக்கழகம்.

அடுத்தது காலம். ஐந்தாண்டுத் திட்டம் என்றாலும், என்.ஐ.எச். பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டாகத்தான் பணத்தை விடுவிக்கும். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை போகவேண்டும். அதைப் பார்த்து அடுத்த ஆண்டுக்கான கடிதம் வரவேண்டும். மீதி ஆண்டுகளுக்குப் போட்டிருக்கும் தொகை, நாடாளுமன்றம் நிதி ஒதுக்கினால்தான். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது. 2025-இல் அந்த நாளில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசு 43 நாள் முடங்கியது.

பணம் மொத்தமாகப் பல்கலைக்கழக வங்கியில் வந்து கிடப்பதும் இல்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகம் முதலில் சம்பளம் கொடுக்கும், ரசாயனம் வாங்கும். பிறகு அரசின் கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளும். அந்த வழி ஒரு நாள் அடைபட்டால், கொடுத்துவிட்ட சம்பளம் பல்கலைக்கழகத்தின் தலையில்.

இனி எல்லாரும் சண்டை போடும் மறைமுகச் செலவு. டீக்கடைக்காரர் பால், தூள், சர்க்கரைக்கு ஒரு கிளாஸுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிடுவார். கடை வாடகையும் கரண்ட் பில்லும் கிளாஸ் கழுவுபவர் கூலியும் எந்த டீயில் சேரும்? ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். கட்டடம், மின்சாரம், பாதுகாப்புக் குழு, கணக்கு அலுவலகம் எல்லாம் பல திட்டங்களுக்குப் பொது. அதற்காக அரசும் பல்கலைக்கழகமும் பேசி ஒரு விகிதம் வைத்திருக்கின்றன. விகிதம் 60 சதவீதம் என்றால், நூறு டாலர் ஆய்வுச் செலவுக்கு மேலாக அறுபது டாலர் வரும். மொத்தம் 160-இல் அது 37.5 சதவீதம். 'பாதிக்கு மேல் பல்கலைக்கழகமே விழுங்குகிறது' என்பது கணக்குப் பிழை. பெரிய கருவிகளுக்கும் மாணவர் கல்விக் கட்டணத்துக்கும் இந்த விகிதம் பொருந்தாது. நிர்வாகப் பங்குக்கு 1991 முதல் 26 சதவீத உச்சவரம்பும் உண்டு.

2025 பிப்ரவரி 7 அன்று, இனி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் மறைமுகச் செலவு விகிதம் 15 சதவீதம்தான், நடக்கும் திட்டங்களுக்கும் சேர்த்து, என்று என்.ஐ.எச். அறிவித்தது. பிப்ரவரி 10-லேயே அமல். அன்றே பாஸ்டன் நீதிமன்றம் தடுத்தது. ஏப்ரலில் தடையை நிரந்தரமாக்கியது. ஆனால் அந்த மூன்று நாளில், வரவிருக்கும் ஆண்டுக்கான எல்லாத் திட்டமும் ஆட்டம் கண்டது.

அடுத்து ரத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 40 கோடி டாலர், ஹார்வர்டுக்கு 220 கோடி டாலர் நிறுத்தப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஹார்வர்டு வழக்கில் அது சட்டவிரோதம் என்று 2025 செப்டம்பரில் மாவட்ட நீதிமன்றம் சொன்னது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் பணம் 80 கோடி டாலர் போனதால், உலகெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளை வெட்டியது. வழக்கு ஜெயிக்கலாம், ஆனால் தீர்ப்பு வரும்வரை சம்பளத் தேதி காத்திருக்காது.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகத்தின் நல்ல மானிய அலுவலர் என்ன செய்வார்? முதலில் ஒரு பட்டியல். எந்த மானியம், நடப்பு ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது, மீதி எவ்வளவு, அதில் சம்பளம் வாங்குபவர்கள் யார் யார். அடுத்து, வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பார். தாமதம் வேறு, 'வேலையை நிறுத்து' வேறு, ரத்து வேறு. ரத்து என்றால் அந்தத் தேதிக்குப் பின் புதுச் செலவு வைக்கக்கூடாது. ஆனால் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டு, இனி விலக்கிக்கொள்ள முடியாத செலவைக் கேட்டுப் பெற விதியில் இடமுண்டு. ஆகவே ஒவ்வோர் ஆர்டருக்கும் தேதியிட்ட ஆதாரம் வேண்டும். என்.ஐ.எச்.சில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். கடைசி அறிக்கைகளுக்கு 120 நாள். கோபத்தில் இந்தத் தேதிகளைத் தவறவிட்டால் இருக்கும் உரிமையும் போய்விடும்.

சில வேலைகளை ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது. மருந்துச் சோதனையில் சேர்ந்த நோயாளிக்கு அடுத்த பரிசோதனை உண்டு. ஃப்ரீசரில் வருடக்கணக்காகச் சேர்த்த மாதிரிகள் உண்டு. கையில் இருக்கும் சொந்தப் பணம் முதலில் இவற்றுக்குப் போகவேண்டும்; அதே வரிசையில் மாணவர் சம்பளமும். 'அவ்வளவு பெரிய அறக்கொடை நிதி இருக்கிறதே' என்பார்கள். அதில் பெரும்பகுதி கொடுத்தவர் குறித்த காரியத்துக்கு மட்டுமே.

எல்லாவற்றிலும் பெரிய கடமை, ஆட்களிடம் உண்மையைச் சீக்கிரம் சொல்வது. மாசசூசெட்ஸில் யுமாஸ் சான் மருத்துவப் பள்ளி 2025-இல், பி.எச்டி. மாணவர்களுக்குக் கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள். மூன்று மாதம் முன்னதாகத் தெரிந்தால் அவர் வேறு ஆய்வுக்கூடம் பார்ப்பார். கடைசி வாரத்தில் தெரிந்தால் பெட்டி கட்டுவார். நல்ல செய்தி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று பேராசிரியர் மௌனமாக இருப்பது அன்பினால்தான் என்றாலும், அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவர் மாணவர்.

அதனால் அடுத்த முறை போன் வரும்போது, பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் சம்பளம் எந்த கிராண்டிலிருந்து வருகிறது? அதன் நடப்பு ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது? அது நின்றால் துறை எத்தனை மாதம் தாங்கும்? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அந்தப் பேராசிரியரே தன் பல்கலைக்கழக அலுவலகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள்தான் இவை.