ஜெயில் கைதிகள் பின்னிய போர்வை!

ஜூலை மாதம் என்றால் நம் ஊரில் ஆடிக் காற்று. தென் ஆப்பிரிக்காவிலோ அது நடுங்க வைக்கும் குளிர் காலம்!

ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,700 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிட உயரம். பங்களாவாசிகளுக்குக் கவலை இல்லை. தகரக் குடிசையில் இருப்பவர்கள் கதி? தகரம் வெயிலில் அடுப்பு. குளிரில் ஐஸ் பெட்டி! குளிர் காய மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, அது கவிழ்ந்து குடிசை எரிந்துபோவதும் அங்கே உண்டு. அந்த ஏழைகளுக்கு ஒரு கம்பளிப் போர்வை கிடைத்தால், அது உயிரைக் காக்கும்.

67 ஏன்?

நெல்சன் மண்டேலா 2013 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். அவருடைய அந்தரங்கக் காரியதரிசியாக இருந்தவர் ஜெல்டா லா கிரேஞ்ச் அம்மையார். அதே மாதம் இவர், கரோலின் ஸ்டெய்ன் என்ற பெண்மணிக்கு ஒரு சவால் விட்டார். அடுத்த ஜூலை 18-ந் தேதிக்குள் 67 போர்வைகளைப் பின்னி ஏழைகளுக்குக் கொடுக்க முடியுமா?

ஜூலை 18, மண்டேலா பிறந்த நாள். அதை 'மண்டேலா தினம்' என்று ஐ.நா. சபை 2009-ல் அறிவித்தது. அவர் பொதுவாழ்வில் உழைத்த ஆண்டுகள் 67. அதனால் அன்று 67 நிமிடம் பொதுத்தொண்டு செய்வது வழக்கம்.

நிமிடக் கணக்கு சரி. போர்வைக் கணக்கு? கையால் ஒரு போர்வை பின்னவே பல நாள் ஆகுமே! தனி ஆளாக முடியாது என்று ஸ்டெய்ன் அம்மையாருக்குப் புரிந்தது. தோழிகளைக் கூப்பிட்டார். அவர்கள் தங்கள் தோழிகளைக் கூப்பிட்டார்கள். பேஸ்புக் மூலம் செய்தி பரவியது. வெளிநாட்டினரும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். 67 என்ற எண்ணிக்கை எங்கோ பின்தங்கிவிட்டது!

கம்பிக்குள் கம்பளி

சிறைத்துறையும் இதில் சேர்ந்துகொண்டதுதான் விசேஷம். 1905-ல் உலகப் புகழ்பெற்ற வைரம் கிடைத்த குல்லினன் ஊருக்கு அருகே சோண்டர்வாட்டர் சிறை இருக்கிறது. அங்கே ஆண் கைதிகள் பின்னல் கற்றார்கள்.

பழகாத கைக்கு ஏற்றது குரோஷே. ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசி வேண்டும். நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஊசியில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் வரிசையே அவிழும். குரோஷேவில் கொக்கி வைத்த ஒரே ஊசி. காத்திருப்பதும் பெரும்பாலும் ஒரே கண்ணி.

ஊருக்குக் கெடுதல் செய்தவன் என்று பூட்டி வைக்கப்பட்டவன், அதே ஊருக்கு ஒரு போர்வை பின்னி அனுப்புகிறான்! அது யாரிடம் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. யார் பின்னியது என்று போர்த்திக்கொள்ளும் கிழவிக்கும் தெரியாது.

சென்னை கொடுத்த போட்டி

2015 ஏப்ரலில் பிரிட்டோரியா நகரில், அரசாங்க மாளிகை முன்பு போர்வைகளை ஒன்றாக இணைத்து விரித்தார்கள். உலக சாதனை!

அதை முறியடித்தவர்கள் யார் தெரியுமா? நம் சென்னையில் கூடிய பெண்கள்! 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர் 2016 ஜனவரி 31-ந் தேதி 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் காட்டினார்கள். நம் கணக்கில் 50 கிரவுண்டு! அந்தப் போர்வைகளும் தர்மத்துக்குத்தான். சென்னைக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழிப் பனியில் நடைபாதையில் படுத்திருப்பவரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

தென் ஆப்பிரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றே மாதத்தில் அதைவிடப் பெரிய போர்வையை விரித்தார்கள். இடம், டிராகன்ஸ்டைன் சிறை. 27 ஆண்டு சிறைவாசத்தின் கடைசிப் பகுதியை மண்டேலா கழித்தது இங்கேதான். அன்று அதற்கு விக்டர் வெர்ஸ்டர் சிறை என்று பெயர். 1990 பிப்ரவரி 11-ந் தேதி அவர் நடந்து வெளியே வந்த வாசலும் இதுவே.

அளவுக்காரர்கள் அளந்தார்கள். கூட்டம் கைதட்டியது. பிறகு போட்ட தையலைப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒன்றாகப் போர்வைகள் ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தன.